ரூட்டருக்குப் போன என் டேபிள் ஃபேன்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் இன்ஜினியர் ஞானமுத்து. மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் வரிசையில் வந்தவர்கள். ரூட்டருக்குக் காய்ச்சல் பார்ப்பது என் காண்ட்ராக்ட் வேலை. நெய்வேலியில் மைன்ஸ் கேட்டுக்குள்ளே ஒரு சின்ன அறை. ஆபீஸ்களுக்கெல்லாம் இன்டர்நெட்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி அங்கேதான் இருக்கிறது. கறுப்புத் திரையில் 'ஷோ என்விரான்மென்ட்' என்று அடித்தால், சூடு எவ்வளவு, உள்ளே இருக்கும் இரண்டு ஃபேனும் ஓடுகிறதா, கரன்ட் சரியா என்று அதுவே சொல்லும். எட்டாவதோடு நின்ற எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் போதும். மேலதிகாரிக்கு ஒரு பொருளை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கக் கூசுகிறவர்கள் மேலே படியுங்கள்.

ஜீப்பில் போனது

சித்திரை வெயிலில், கரித்தூள் அடைத்து ரூட்டரின் ஒரு ஃபேன் நின்றுவிட்டது. திரையில் 'ஃபெயில்' என்று வந்தது. சூடு ஏறினால் பெட்டி தானாகவே அணைந்துவிடும். ஞானமுத்து திருநெல்வேலிக்காரர், தேனாகப் பேசுவார். என்னை ஜீப்பில் ஏற்றி நேரே என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி அஞ்சலையின் முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்: "ரெண்டு நாள்தான் அண்ணாச்சி. புது ஃபேன் வந்ததும் நானே கொண்டாந்து தாரேன்."

நார்மல்

சித்திரை முடிந்தது, புது ஃபேன் வரவில்லை. ஸ்டோரில் போய்க் கேட்டேன். சூடு எவ்வளவு என்று பார்த்து வரச் சொன்னார் ஸ்டோர்கீப்பர். என் ஃபேன்தான் உயிரைக் கொடுத்து ஊதுகிறதே, திரை 'நார்மல்' என்றது. "நார்மலா இருக்கிற மிஷினுக்கு எதுக்குங்க ஃபேனு? சூடானா வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அஞ்சலை சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டுக் கேட்டாள்: "மிஷினு காத்து வாங்கிக்கினு இருக்குது, நான் முந்தானையால விசிறிக்கினு இருக்கேன். நீ யாருக்குத்தான் புருஷன்?"

கேட்

மறுநாள் ஃபேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் எந்தப் பொருள் வெளியே போனாலும் பாஸ் வேண்டும். உள்ளே வரும்போது எழுதியிருந்தால்தான் பாஸ். இதுவோ இன்ஜினியர் ஜீப்பில் வந்தது. அந்த ஜீப்பை யாரும் நிறுத்துவதில்லை. என் மகள் சின்ன வயதில் இறக்கையில் ஒட்டிய பூ ஸ்டிக்கரைக் காட்டினேன். காவலர் அதைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டியிருக்கு. ஆனா எழுதாம வந்திருந்தா அது உள்ள இருந்த பொருளுதான் பெரியவரே. எடுத்த எடத்துலயே வச்சிடுங்க."

ஜில்

ஆடியில் யாருக்கு என்ன தோன்றியதோ, புது ஃபேன் வந்துவிட்டது. பொருத்தியதும் கட்டளையை அடித்தேன். இரண்டுக்கும் 'ஓகே'. என் ஃபேனுக்கு பாஸ் எழுதித் தரச் சொல்லி ஞானமுத்து முன்னால் நின்றேன். அவர் திரையில் சூட்டைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார். "ரெண்டோட இதுவும் ஓடட்டும் அண்ணாச்சி. நம்ம ரூட்டர் மாதிரி ஜில்லுன்னு எதுவும் இல்லன்னு மீட்டிங்ல மேலதிகாரிக சொன்னாவ."

இன்றைக்கும் கட்டளையை அடித்தால் இரண்டு ஃபேனும் நலம் என்றுதான் வருகிறது. மூன்றாவதாக ஊதிக்கொண்டிருக்கும் என் ஃபேன் அந்தத் திரையிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை.