பின் சீற்றுக்கு விரித்த பெட்சீற்

காலையில் உதயகலாவின் கார் வீட்டுப் படலையைத் தாண்டுவதற்கு முன் அவள் கணவன் வாகீசனுக்கு ஒரு வேலை இருந்தது. வலது காலை இழுத்தபடி தகரக் கொட்டிலுக்கு வருவான். இடது கையால் பின்கதவைத் திறப்பான். தோளில் கிடக்கும் நீலக் கோடு போட்ட பழைய பெட்சீற்றைப் பின் சீற்றில் விரித்து, ஓரங்களை இடுக்குகளுக்குள் செருகுவான். சும்மா செருகல் இல்லை. ஆசுப்பத்திரிக் கட்டிலில் நேர்ஸ்மார் விரிப்பதைப் போல ஒரு சுருக்கமும் தெரியாது. அவன் அதைப் பழகியதும் அங்கேதான். பாரிசவாதம் வந்து கிடந்தபோது பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

"இனி ஏத்தும்" என்பான்.

அதற்குப் பிறகுதான் உதயகலா வெங்காயப் பிடிகளைத் தூக்கி வைப்பாள்.

வாகீசன் நன்றாக இருந்த காலத்தில் உடுவிலில் அவர்களுக்கு இருந்த தோட்டக் காணியில் வெங்காயம் நட்டு, லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிச் சுன்னாகச் சந்தைக்குக் கொண்டுபோனவன். வலது பக்கம் விழுந்த பிறகு லான்ட்மாஸ்ரரை விற்றார்கள். காணியில் ஒரு துண்டையும் விற்றார்கள். வந்த காசில் ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடின கார். பெற்றோலிலும் ஓடும், பற்றறியிலும் ஓடும். கியர் மாற்றத் தேவையில்லை என்பதுதான் அதை வாங்கியதற்குக் காரணம். கொழும்பில் வேலை செய்யும் மகள் ஆரணி, "அம்மா பழகிப்போடுவா" என்று தொலைபேசியில் சொன்னாள். அம்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

பழகினாள். முதல் கிழமை ஒழுங்கையின் மதிலோடு காரின் பக்கக் கண்ணாடியை உரசினாள். பிறகு யாரோடும் எதோடும் உரசவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயம் வாங்கி, தாளோடு பிடியாகக் கட்டி, சுன்னாகத்துக் கடைகளுக்கும் யாழ்ப்பாணத்தில் சில வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அவளுடைய தொழிலாயிற்று. சந்தையில் பெண்கள், "உங்கை பார், வெங்காயம் காரிலை வருது" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே விலை சொல்வாள்.

பழைய கார் என்றால் செலவு வரும் என்பது தெரிந்துதான் வாங்கினார்கள். உடுவில் ஒழுங்கைகளின் குண்டும் குழியும் முன் சில்லுகளின் புஷ்களைத் தின்றன. ஏசிக்கு இரண்டு முறை காஸ் அடித்தார்கள். ஒரு ரயர் வெடித்து, இரண்டாக மாற்ற வேண்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் உதயகலா முணுமுணுத்தாள், ஆனால் கட்டினாள். ஓட்டோ பிடித்து வெங்காயம் கொண்டுபோனால் கூலிக்கே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். வாகீசனை கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அந்தக் காரில்தான். வீட்டில் அரிசி வாங்குகிற காசு அந்தக் காரில்தான் வந்தது.

அதனால்தான் மருதனார்மடச் சந்தியில் வைத்து டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தபோது அவள் உடனே காரை ஓரத்தில் நிறுத்தினாள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே பின் சீற்றுப் பக்கம் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ வாயைக் குவித்து ஊதுவதைப் போல. "ஏசியைக் குறையும்" என்றான் வாகீசன். குறைத்தாள். இரைச்சல் குறையவில்லை. பெற்றோலும் வழக்கத்தைவிடக் கூடக் குடித்தது. பழைய கார்தானே என்று விட்டுவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் காட்டினாள். அவர்கள் கம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்து, பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற பெரிய பற்றறி போய்விட்டது என்றார்கள். புதிதாகப் போட ஐந்து லட்சத்துக்குக் கிட்ட வருமாம்.

செய்தி அளவெட்டிவரை போய்விட்டது. வாகீசனின் சித்தப்பா மகன் றஞ்சித் அங்கிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தான். வாகனம் வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் இடையில் தரகு பார்ப்பது அவனுக்குப் பழக்கம். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தான்.

"அண்ணை, இதுக்கு மேலை காசு போடாதேங்கோ. பற்றறி போன கார், செத்த மாடு மாதிரி. தோலுக்குத்தான் விலை."

"அப்ப நீ என்ன தோல் வியாபாரியோ?" என்றாள் உதயகலா.

"மச்சாள், நான் உங்கடை நன்மைக்குச் சொல்லுறன். லைற்றை அழிச்சுப்போட்டு வேறை ஆரிட்டையும் தள்ளிவிடலாம். ஆனா பேந்து வந்து படலையிலை நிண்டு கத்துவினம். என்னட்டைத் தந்தா அந்தக் கரைச்சல் இல்லை."

வாகீசன் கதிரையில் சாய்ந்தபடி சொன்னான்: "இவவின்ரை பிறேக்காலை வந்தது, றஞ்சித். ஓடத் தொடங்கினதிலை இருந்து பாக்கிறன். அங்கை ஒரு கோழி நிண்டா இஞ்சை பிறேக் பிடிக்கிறா. உப்பிடிப் பிடிச்சா எந்தப் பற்றறி தாங்கும்?"

"கோழி குறுக்கை வந்தா?" என்றாள் அவள்.

"வந்தாப் பிடியும். வர முன்னம் ஏன்?"

றஞ்சித் சிரித்தான். உதயகலா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அவளுக்குக் கோபம் வந்ததைவிடப் பயம்தான் வந்தது. பிறேக்கை அவள் கூடத்தான் பிடிப்பாள். பிந்திப் பழகினவள், காலுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. உண்மையிலேயே தன்னால்தான் போனதோ?

அந்த மாதம் முழுவதும் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் வாகீசன் அந்தக் கோழிக் கதையைச் சொன்னான்.

"வித்துப்போடுவம் உதயா" என்றான் ஒரு நாள். "றஞ்சித் கேக்கிற விலைக்கே குடுப்பம்."

"குடுத்துப்போட்டு?"

அவன் தகரக் கொட்டில் பக்கம் பார்த்தான்.

"ஒருக்காக் கிறிஸ்ரோபரிட்டைக் காட்டிப்போட்டு வாறன். அவனும் ஏலாதெண்டாக் குடுப்பம்" என்றாள்.

கிறிஸ்ரோபர் சுன்னாகம் ஸ்ரேசனுக்குப் பின்னால் கராஜ் வைத்திருந்தான். கை வேலையைவிட வாய் வேலை கூட. முதல் தடவை அவனும் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கையடக்கக் கருவியொன்றைக் கொழுவி முக்கோணத்தை அழித்துவிட்டு, "சில நேரம் சும்மாவும் வாறது அக்கா" என்று அனுப்பிவிட்டான். அது அடுத்த வியாழக்கிழமையே மறுபடி எரிந்தது. திரும்பப் போனபோது அவனுக்குக் கொஞ்சம் வெட்கம். "சரி, இண்டைக்குக் கழட்டித்தான் பாப்பம்" என்று பின் சீற்றைத் தூக்கினான்.

உதயகலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீற்றுக்கு அடியில் இருந்து கறுப்பு நிறத்தில் வட்டமான ஒரு சின்னக் காற்றாடியைக் கழற்றி வெளியே எடுத்தான். அதற்குள்ளே இதழ்களே தெரியவில்லை. சிவந்த வெங்காயச் சருகும் தூசும் பஞ்சும் சேர்ந்து குருவிக்கூடு மாதிரி இறுகிக் கிடந்தது. விரலால் கிண்டினான். சுட்ட வெங்காயத்தின் மணம் வந்தது.

"என்ன அக்கா, பற்றறியை வைச்சு வெங்காயம் வதக்குறியளோ?"

"உது எப்பிடித் தம்பி அதுக்குள்ளை போனது?"

"பற்றறிக்குச் சூடு ஏறினா இந்தக் காத்தாடிதான் காத்திழுத்துக் குடுக்கிறது. கதவுப் பக்கமாச் சீற்றின்ரை கரையிலை சீப்பு மாதிரி ஒண்டு கிடக்கு, பாருங்கோ. அதுதான் மூக்கு. அதாலை சருகும் போயிருக்கு. ஆனா..." அவன் குனிந்து அந்தச் சீப்பின் பற்களுக்குள் இருந்து எதையோ இழுத்தான். நீல நூல். இன்னொன்று. "ஆனா சருகு மட்டும் எண்டா இவ்வளவு மோசமா வராது. ஆரோ துணி வைச்சு மூக்கைப் பொத்தியிருக்கினம். நல்லா இறுக்கி. காத்துப் போக வழியில்லை. கொஞ்ச இடைவெளியாலை சருகை மட்டும் இழுத்திருக்கு."

உதயகலா காரின் முன்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெட்சீற் மடித்தபடி முன் சீற்றில் கிடந்தது.

"அப்ப பிறேக்?" என்றாள்.

"எந்தப் பிறேக்?"

"நான் கனக்கப் பிறேக் பிடிக்கிறனான். அதாலை பற்றறி போகாதோ?"

கிறிஸ்ரோபர் சிரித்தான். "அக்கா, உந்தக் காரிலை பிறேக் பிடிக்கேக்கைதான் பற்றறிக்குச் சாப்பாடு. நீங்கள் பிடிச்சுப் பிடிச்சு ஓடினபடியாத்தான் இவ்வளவு நாளும் தாங்கினது எண்டும் சொல்லலாம்."

பற்றறி முழுவதும் போகவில்லை. சூட்டில் இரண்டு செல் செத்திருந்தது. பழைய பற்றறியொன்றில் இருந்து நல்ல இரண்டைக் கழற்றிப் போட்டு, காற்றாடியைக் கழுவி, கூலியும் சேர எண்பதாயிரத்துக்குள் முடிக்கலாம் என்றான். "மற்ற செல்லுகளும் வயசு போனதுகள்தான். ஒரு வருசம் ஓடுமோ, மூண்டு வருசம் ஓடுமோ, சத்தியம் பண்ண மாட்டன்."

"ஓடுமட்டும் ஓடட்டும்" என்றாள். வெங்காயக் கடைக்காரரிடம் வர வேண்டியிருந்ததை வாங்கி, மிச்சத்துக்குச் சீட்டுக் காசில் கை வைத்தாள். வேலை முடிய இரண்டு நாள் சென்றது.

காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு யோசனை முழுக்க வாகீசனைப் பற்றித்தான்.

ஒரு மாதமாகக் கோழிக் கதை கேட்டவள். இப்போது கையில் நல்ல பதில் ஒன்று இருந்தது. அதை நினைக்க ஒரு சின்னச் சந்தோசம் வரத்தான் செய்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது நீண்ட நேரம் நிற்கவில்லை. அந்த மனிதன் ஒரு நாளில் செய்கிற ஒரே வேலை அந்தப் பெட்சீற்தான். ஓரத்தைச் செருகும்போது வலது கையின் பெருவிரலால்தான் அமர்த்துவான். அந்தக் கை வேறெதற்கும் வளையாது. சோற்றுக்கோப்பையும் பிடிக்காது, சேர்ட் பொத்தானும் போடாது. கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிற பிள்ளை பந்து ஒன்றைக் கொடுத்து அமர்த்தச் சொன்னபோது, "சின்னப் பிள்ளையோ நான்?" என்று அலுமாரிக்கு மேல் போட்டவன், இந்தச் செருகலை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

சொல்லாமல் விடலாம். வெங்காயச் சருகு என்று மட்டும் சொல்லலாம். ஆனால் நாளைக் காலையில் அவன் பெட்சீற்றோடு வந்து நிற்பான். மறுபடி அதே இடத்தில், அதே பெருவிரலால், இன்னும் கவனமாகச் செருகுவான். பெட்சீற்றை ஒளித்தால் அலுமாரியில் வேறு நாலு கிடக்கிறது. அவனுக்கு நோகாமல் சொல்ல ஒரு பொய் தேடினாள். பற்றறியைக் காப்பாற்றக்கூடிய பொய் ஒன்றும் அகப்படவில்லை.

வாகீசன் படலையடியில் நின்றான். "என்னவாம்?"

"ஓடுது. செல் ரெண்டு மாத்தினது. வெங்காயச் சருகு உள்ளை போய் அடைச்சிருக்கு."

"அப்ப பிறேக் இல்லையோ?"

"பிறேக் இல்லை."

அவன் விவசாயி, காரணத்தைக் கேட்காமல் விடமாட்டான். "சருகு என்னெண்டு உள்ளை போகும்? நான் ஒரு தூசு விழாமலெல்லே விரிக்கிறனான்."

"வந்து பாருங்கோ" என்று பின்கதவைத் திறந்தாள். காரின் இயக்கத்தை நிற்பாட்டவில்லை. வெயிலில் ஓடி வந்த சூட்டில் காற்றாடி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. "இந்தச் சீப்பு மாதிரிக் கிடக்கிறதாலைதான் பற்றறி மூச்சு விடுறதாம். கையை வைச்சுப் பாருங்கோ."

அவன் குனிந்து வலது கையை வைத்தான். "ஒண்டும் தெரியேல்லை."

"மற்றக் கை."

இடது கையை வைத்தான். உள்ளங்கையில் காற்று இழுபட்டது. அப்போதுதான் பற்களுக்குள் மிச்சம் நின்ற ஒரு நீல நூலை அவன் கண்டான். அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் பார்த்தான்.

"உதுக்குள்ளை ஓட்டை இருக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை" என்றான்.

"எனக்கும் தெரியாது."

"நீர் பாத்துக்கொண்டுதானே நிண்டனீர், நான் செருகேக்கை."

"பாத்தனான். வடிவாச் செருகுறீங்கள் எண்டுதான் பாத்தனான்."

அவன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனான். இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட பிறகும் நேரம் சென்றுதான் வந்தான். கோழியைப் பற்றிய பேச்சு இல்லை.

அடுத்த நாள் காலை உதயகலா பிடிகளைக் கட்டிக் கொட்டிலின் வாசலில் அடுக்கினாள். வாகீசன் வரவில்லை. சுன்னாகத்தில் கடைக்காரன் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் ஏற்றவில்லை. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, கட்டியிருந்த பிடிகளையே மறுபடி கட்டினாள்.

உள்ளேயிருந்து அவனுடைய குரல் வந்தது. "இன்னும் ஏத்தேல்லையோ?"

"வெறும் சீற்றிலை என்னெண்டு ஏத்துறது? ஊத்தையாகும்."

உள்ளே அலுமாரிக் கதவு திறபட்டது. பிறகு கால் இழுபடும் ஓசை கேட்டது. தோளில் பெட்சீற், இடது கையில் அவளுடைய தையல் கத்தரிக்கோல்.

"உதைப் பிடியும்" என்றான். அவள் பெட்சீற்றின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். கத்தரிக்கோல் வலக்கைக்காரருக்குச் செய்தது. இடது கையில் துணியை மென்றது. அவள் கை நீட்டவில்லை. ஒரு சாண் அகலத்துக்கு, எலி தின்றதைப் போல ஒரு துண்டு விழுந்தது. விரித்துப் பார்த்தார்கள். வெட்டின இடம் சீப்புக்கு நேரே வரவில்லை. இன்னும் இரண்டு விரல் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினான். பிறகு மற்ற மூன்று பக்கத்தையும் வழக்கம்போலச் செருகினான், பெருவிரலால் அமர்த்தி அமர்த்தி.

அவனுடைய சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. றஞ்சித்.

"இல்லையடாப்பா, குடுக்கிற எண்ணம் இல்லை... ஓம், செய்தாச்சு... பிறேக்கோ? சீ, பிறேக் இல்லை. வெங்காயச் சருகு." அவன் உதயகலாவின் பக்கம் பார்க்காமல் சீற்றின் ஓரத்தைத் தடவினான். "சருகுதான். வேறை என்ன?"

உதயகலா குனிந்து பிடிகளைத் தூக்கி உள்ளே வைத்தாள். சீப்புப் பக்கம் ஒன்றும் சாயாமல் தள்ளி அடுக்கினாள்.

"பின்னேரம் உந்த ஓரத்தை மடிச்சுத் தைச்சுத் தாறன்" என்றாள். "நூல் கழண்டு உள்ளை போகும்."

"ம்."

அவள் ஏறி உட்கார்ந்து காரைப் பின்னால் எடுத்தாள். டாஷ்போர்டில் சிவப்பு ஒன்றும் இல்லை. ஒழுங்கையின் முடிவில், பக்கத்து வீட்டு வேலியோரமாக ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. தூரத்தில்தான் நின்றது. உதயகலாவின் கால் தானாகப் பிறேக்கை அமர்த்தியது.

பின்னால், படலையடியிலிருந்து வாகீசன் குரல் கொடுத்தான்.

"கோழி அங்கைதானே நிக்குது. போமன்."