பக்கத்தில் கிடந்தவள்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நானும் ஃபெர்கஸும் கண்ணால் பார்த்தது இது. நடுவில் யாராவது சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கிளாஸ்கோவில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு நிலவறை. பெரிய கம்பெனிகள் சீந்தாத சின்ன ராக் குழுக்கள் அங்கேதான் வாசிக்கும். அன்று மூன்று குழுக்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றுகிற நாங்கள் மூவரும் போயிருந்தோம். நான், ஃபெர்கஸ், ரோனா. ரோனாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நொண்டி நொண்டித்தான் நடந்தாள். பின்னாலேயே நின்றுகொள்கிறேன் என்றவளை நான்தான் நச்சரித்து மேடைக்கு முன்னால் இழுத்துப்போனேன்.

"விழுந்தா நான் தூக்குறேன், வாடி."

அங்கே அது எழுதாத சட்டம். முட்டி மோதித்தான் ஆடுவோம். ஆனால் யாராவது விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் குனிந்து தூக்கிவிட வேண்டும். முகமெல்லாம் பார்ப்பதில்லை. கை தட்டுப்பட்டால் போதும், இழுத்துவிடுவோம்.

மூன்றாவது குழு மேடையேறியதுமே கூட்டத்தின் குணம் மாறிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. முதுகில் முழங்கை, விலாவில் குத்து. வேண்டுமென்றே குத்தினார்கள். டிரம்ஸ் சத்தம் நெஞ்சுக்குள் தம்... தம்... என்று இடித்தது.

ரோனா விழுந்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த முழங்காலை யாராவது மிதித்துவிட்டால்... குனிந்து துழாவினேன். இருட்டு. கால்கள். ஒரு கை தட்டுப்பட்டது. இழுத்தேன். அப்பா, என்ன கனம்! பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

எழுந்துவிட்டாள். ரோனா போட்டிருந்த அதே பச்சைச் சட்டை. முடி முகத்தை மறைத்திருந்தது. ஃபெர்கஸைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரவு பதினொன்று நாற்பது. பேருந்தில் எங்களுக்கு நடுவில் அவள். வாயே திறக்கவில்லை. கோபம், இருக்காதா பின்னே? மன்னிப்புக் கேட்டேன். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

எங்கள் சட்டையைப் பிழிந்தால் வியர்வை கொட்டும். அவள் கை காய்ந்து, சில்லென்று இருந்தது...

அவள் வீட்டு நிறுத்தம் வந்தது. கையை விட்டாள். இறங்கினாள். எதிரே இருந்த வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

நொண்டவில்லை.

"ஐல்சா... அவ கால்..." என்றான் ஃபெர்கஸ்.

ரோனாவின் அம்மா கதவைத் திறந்தாள். அவளை உள்ளே விட்டாள். பேருந்து கிளம்பியது.

என் போன் அடித்தது.

திரையில் ரோனாவின் பெயர்.

"எங்கடி போய்த் தொலைஞ்சீங்க? நான் ஆஸ்பத்திரியில கிடக்கேன்."

ஓடினோம். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என் பக்கமே திரும்ப மாட்டேன் என்றாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"குனிஞ்ச. என்னைப் பார்த்த. நான் கையை நீட்டினேன். நீ எனக்குப் பக்கத்துல கிடந்தவளைத் தூக்கிட்டுப் போயிட்ட."

"யாருடி அது?"

"தெரியாது. ரொம்ப நாளா அங்கயே கிடந்த மாதிரி இருந்தா. நீ கையைப் பிடிச்சதும், என்னைப் பார்த்துச் சிரிச்சா."

விடிய விடிய ரோனாவின் அம்மாவுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை.

காலையில் கட்டுப் போட்ட காலோடு ரோனாவை டாக்ஸியில் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். மணியை அழுத்தினேன். சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்த அவள் அம்மா, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க. ரோனா மேல தூங்குறா."

பிறகு, எங்கள் தோளில் சாய்ந்து நின்ற ரோனாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது யாரு?"