யாருமில்லாத குடும்பம்

கடனுக்கு வாங்கிய லோடு ஆட்டோவைத் தவணை கட்டாததால் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் எங்களையும் வெளியேற்றினார். செல்லூரில் விசைத்தறி போட்டிருக்கிற பாய் என் கூட்டாளி. கொட்டகைக்குப் பின்னால் நூல் மூட்டை கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். மூட்டைகள் போய், நானும் மனைவியும் மகளும் வந்தோம். பாய்க்கு நஷ்டம்தான். மூட்டையாவது விலை போகும்.

மகளுக்குப் பத்தாவது பரீட்சை வருகிறது. தறிச் சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு படிப்பதைப் பார்க்கச் சகிக்காது. அந்த நேரத்தில்தான் ஒரு அறக்கட்டளைத் தம்பி, எங்களை வைத்து விளம்பரப் படம் எடுப்பதாகவும், வருகிற நன்கொடையில் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டித் தருவதாகவும் போனில் சொன்னார்.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? மனைவி அறையைக் கழுவிவிட்டாள். பாய் சம்சாரத்திடம் நல்ல சேலை இரவல் வாங்கிக் கட்டி, பூ வைத்துக்கொண்டாள். நான் சவரம் செய்து, கறுப்பு முகத்தில் வெள்ளைப் பவுடர் அடித்துக்கொண்டேன். வருகிறவர்களுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வைத்திருந்தோம். கேமராவோடு வந்த தம்பி எங்களைத் தாண்டிப் போய்க் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“கஷ்டப்படுற ஃபேமிலி எங்கண்ணே?”

“நாங்கதான் தம்பி. கலர் சாப்பிடுங்க.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அக்கா, கொஞ்சம் பழைய சேலை இல்லையா?”

“ஆளு வர்ற அன்னைக்கு எவளாச்சும் கிழிஞ்சதைக் கட்டுவாளா?” என்றபடியே போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

என்னை மூலையில் குத்தவைத்து, தொப்பையை உள்ளே இழுக்கச் சொன்னார். இழுத்தேன், மூச்சு நின்றது. அழச் சொன்னார், கொட்டாவி வந்தது. கதவோரம் நின்ற பாய், “மாப்ள, உன் மூஞ்சியப் பாத்தா கடன் கொடுத்தவன்தான் அழுவான்” என்றார். மகள் சிரித்துவிட்டாள். தம்பி கேமராவை என் பக்கமிருந்து திருப்பிவிட்டார்.

“அக்கா, நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். ‘எங்களுக்கு யாருமே இல்ல.’ அவ்வளவுதான்.”

மனைவி வாசலைப் பார்த்தாள். பாய் சம்சாரம் கலர் கிளாஸுகளைத் தட்டில் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

“இவுகள வச்சுக்கிட்டு எப்படித் தம்பி சொல்றது?”

“ஏ புள்ள, சொல்லு. நான் உள்ள போயிர்றேன்” என்று தட்டை வைத்துவிட்டுப் பாயையும் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“எங்களுக்கு யாருமே…” என்றாள் மனைவி. சாத்திய கதவையே பார்த்தாள். “எனக்கு வரல தம்பி. அவுகளும் கூட நிக்கட்டும், எடுங்க.”

“அப்படி எடுத்தா யாரும் காசு அனுப்ப மாட்டாங்கக்கா” என்றார் தம்பி. கெட்டவர் இல்லை. கலரைக் குடித்துவிட்டு, மகளை நன்றாகப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை.

அன்றைக்கு அவர் வண்டி கிளம்பியதும் பாய் சம்சாரம் வெளியே வந்து திட்ட ஆரம்பித்தார்.

“கிறுக்கி! ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா வீடு வந்திருக்கும்ல?”

“எங்கள விரட்டுறதுக்கு அம்புட்டு அவசரமாக்கா?”

“அவசரந்தான். பரீட்சை முடியுற வரைக்கும் புள்ளய ராத்திரி எங்க மாடிக்கு அனுப்பு. அங்க சத்தம் கேக்காது.” என் பக்கம் திரும்பினார். “நீங்க மூஞ்சியக் கழுவுங்கண்ணே. பாக்க முடியல.”