முதலாம் பிள்ளை இல்லாத தேர்தல்

அந்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய மூன்று வாரமும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கம்பளையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கணித டியூஷன் நடத்தினேன். வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் முக்கிய வேட்பாளர் இருவரில் ஒருவருடைய தேர்தல் அலுவலகம். தெருவுக்கு எதிரே மற்றவருடையது. காலையிலிருந்து இரண்டு ஒலிபெருக்கியும் மாறி மாறிக் கத்தும். தான் வராவிட்டால் நாடு பிளந்துபோகும் என்றார் ஒருவர். அந்த ஆள் வந்தால்தான் பிளக்கும் என்றார் மற்றவர். நடுவில் நின்று யோசிக்கிறவனுக்கு இருவரிடமும் ஒரு வார்த்தை கிடையாது.

ஒருவரைக் கண்டால் எரிச்சல், மற்றவரைக் கண்டால் பயம். இதை வாய் தவறிப் பிள்ளைகளின் தகப்பன்மார் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் நான் அந்தப் பக்கத்து ஆள் என்று மகளை டியூஷனிலிருந்து நிறுத்தினார். மற்றவர் நான் இந்தப் பக்கத்து ஆள் என்று மகனை நிறுத்தினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதானே.

பக்கத்து வீட்டில் ஒரு கிளார்க் இருந்தார். கண்டியில் அரசாங்க வேலை. வேலியருகே என்னைக் கண்டால் போதும், "என்ன மாஸ்டர், இன்னும் மதில் மேல் பூனைதானா?" என்று சீண்டுவார்.

"மதிலுக்கு ரெண்டு பக்கமும் நாய் நின்னா பூனை எங்கங்க குதிக்கும்?" என்றேன் ஒருநாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் குழப்பம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டில் அம்மா இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாத நாடற்றவர் என்றுதான் அவருடைய பாதி ஆயுள் போனது. நான் வேலைக்குப் போன பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரமே வந்தது. அதன்பின் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. தோட்டத்தில் இருந்தவரை தொழிற்சங்கத் தலைவர் சொன்ன சின்னத்துக்குப் போட்டார். அப்பா போய்ச் சேர்ந்து, என்னோடு டவுனுக்கு வந்த பிறகு, சொல்ல ஆளில்லை. படித்த மகன் சொல்வான் என்று நம்பினார்.

"தம்பி, யாருக்குப் போடுறது?" என்று தினமும் கேட்டார்.

"எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"ஏதாச்சும் ஒண்ண சொல்லு. ஓட்ட சும்மா விடக்கூடாது."

தேர்தலுக்கு முதல்நாள் மாலை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் குறைந்த புள்ளி எடுத்தால் அந்தத் தவணைக்கு முதலிடம் யாருக்கும் இல்லை, முதலாம் பிள்ளை கிடையாது. இரண்டாம் பிள்ளையிலிருந்துதான் அறிவிப்பேன். இந்தத் தேர்தலில் பெருக்கல் குறிபோல வெறும் புள்ளடி போடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு வரிசையும் போடலாம் என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் யாருக்கும் ஒன்று கொடுக்காமல், இருவரில் கெடுதல் கொஞ்சம் குறைந்தவருக்கு இரண்டு மட்டும் போடலாமே! உன்மேல் அரை மனசுதான் என்று அந்த மனிதருக்கும் உறைக்கும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். விதிமுறை எழுதிய துண்டுப் பிரசுரம் வீட்டில்தான் கிடந்தது. கணக்கு மாஸ்டர் அதையெல்லாம் படிப்பாரா?

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்துப் பார்த்து இலக்கம் நன்றாகத் தெரியும். சின்னத்தைக் காட்டி, "இதுக்கு நேரா ரெண்டுன்னு போடுங்க, வேற எதுவும் வேணாம்" என்றேன். ஒரு தாளில் நாலைந்து தடவை எழுதிப் பழகினார். மறுநாள் இருவரும் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள், வாக்கு எண்ணும் வேலைக்குப் போயிருந்த கிளார்க் கண்டியிலிருந்து திரும்பினார். வேலியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சனத்த என்னன்னு சொல்றது மாஸ்டர்? ஒண்ணே போடாம வெறும் ரெண்ட மட்டும் போட்டு வச்சிருக்காங்க. அது எப்படிச் செல்லும்? எல்லாத்தையும் நிராகரிச்ச கட்டுல தூக்கிப் போட்டாச்சு" என்றார். நான் வேலியை விட்டு உள்ளே வந்தேன்.

உள்ளே அம்மா சந்தோஷமாக இருந்தார். நான் காட்டிய மனிதர்தான் வென்றிருந்தார். "நான் போட்டவரு ஜெயிச்சிட்டாரு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். இரண்டு நாள் வீட்டுக்கும் கடைவீதிக்குமாக அலைந்தேன். சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசியது. மூன்றாம் நாள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அரிசி களைந்த கையை முந்தானையில் துடைத்தார்.

"ஒன்னோடது செல்லாமப் போகட்டும். ஒனக்கு ரெண்டு பேரையும் புடிக்கல. என்னோடத ஏன்டா கெடுத்த?"

இரண்டு வாரம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு மட்டும் வேளைக்கு வந்தது.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வந்தது. ஆட்கள் மாறியிருந்தார்கள், கத்தல் மாறவில்லை. இந்தப் பக்கம் இல்லையென்றால் நீ அந்தப் பக்கம், அவ்வளவுதான். எனக்கு மறுபடியும் அதே எரிச்சல், அதே பயம். அம்மா கேட்பார் என்று நாள்தோறும் எதிர்பார்த்தேன். கேட்கவேயில்லை. தேர்தலன்று நான் முகம் கழுவி வருவதற்குள் தனியாகவே போய்விட்டிருந்தார்.

திரும்பி வந்தவரிடம், "யாருக்கும்மா போட்டீங்க?" என்றேன்.

"செல்லுற மாதிரி போட்டேன்" என்றார். "நீயும் போயி ஒழுங்கா போட்டுட்டு வா."