பூசாத தட்டு

எழுபதுகளில் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பக்கத்து மைக்ராஸ்கோப் ஓர் அக்காவுடையது. ஒடிசலான உடம்பு. கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

தட்டுத் தட்டாக வரும் மின்னணுச் சில்லுகளின் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளில் அறுந்ததைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கண் பரிசோதனையில் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வாரம் கம்பிகளுக்குப் புதிதாக ஒரு பிசின் பூச்சு வந்தது. பூசியதும் அவற்றின் பளபளப்பு அடங்கிவிட்டது.

“உனக்கும் மங்கலாத்தான் தெரியுதா?”

“ஆமாக்கா. பூச்சு போட்டா அப்படித்தான் லா.”

“அப்ப என் கண்ணு இல்ல,” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

மத்தியானம் இன்னொரு தட்டை என்னிடம் தள்ளினார். “இதுல பூச்சு ரொம்ப தடிப்பு, பாரேன்.”

பார்த்தேன். கம்பிகள் கண்ணைக் கூசவைத்தன. அந்தத் தட்டு இன்னும் பூச்சுக்கே போயிருக்கவில்லை.

நான் நிமிர்வதற்குள், “உனக்கும் மங்கலாத்தான் இருக்கும்,” என்று அக்கா கைக்குட்டையால் என் லென்ஸைத் துடைக்க வந்தார்.