ரிசப்ஷன் படத்துக்குப் போட்ட மாலை

ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாக் கூத்தில் பெண் வேஷம் கட்டுவதும் நான்தான். போன வருஷம் அதற்கு இரண்டு நாள் லீவு கேட்டபோது மேனேஜர் லெட்டரைக் கிழித்தார். கிழித்ததோடு விட்டாரா? கேன்டீனில் துண்டை முந்தானையாகப் போட்டு, இடுப்பை ஆட்டி நடந்து காட்டி, "கூத்தாடிப் பயலுக்கு லீவு ஒண்ணுதான் கேடு" என்றார். மொத்த லைனும் சிரித்தது. ஊரில் என் வேஷத்தை வேறொருவன் கட்டினான். இந்த மேனேஜரைச் சும்மா விடக்கூடாது என்று கருவிக்கொண்டேன்.

அப்புறம் எங்களிடம் சரக்கு வாங்கும் ஜப்பான்காரர்கள் கம்பெனிக்கு ஒரு படம் பரிசளித்தார்கள். மரப்பலகையில் செதுக்கிக் காகிதத்தில் அச்சடித்தது. வெள்ளை முகம், நெற்றிமேல் ஊதாத் துணி, கையில் விசிறி. ரிசப்ஷனில் மாட்டினார்கள். யாரோ ராணி என்றார்கள் எல்லோரும். எனக்கு மட்டும் சந்தேகம். தாடை ஆம்பளைத் தாடை. அரிதாரம் பூசுகிறவனுக்குத் தெரியாதா? செல்போனில் தேடினேன். அவர்கள் ஊர் நாடகத்தில் பெண் வேஷம் கட்டிய நடிகன். அட, நம்ம ஆள்!

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேனேஜர் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். "ஏம்ப்பா, இது அவங்க சாமியா இருக்குமோ?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வேனா? "சக்தியான அம்மா மாதிரி தெரியுதுங்க சார். முகத்துல என்னா களை பாருங்க" என்றேன்.

மறுநாள் படத்தின் கண்ணாடியில் சந்தனம், குங்குமம், பெரிய ரோஜா மாலை. ஜப்பான்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் மூத்தவர் குழம்பிப்போய், மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் ஏதோ கேட்டார்.

"இவரை எதுக்குக் கும்பிடறீங்கன்னு கேக்கறாரு" என்றாள் அவள்.

"உங்க சாமிதானே மேடம்?" என்றார் மேனேஜர்.

நான் முன்னால் போனேன். கேன்டீனில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"சாமி இல்லீங்க சார். பொம்பள வேஷம் கட்டற ஆம்பள. கூத்தாடிப் பய."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் மொத்த லைனும் சிரித்தது. எனக்குக் காது குளிர்ந்தது. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

இந்த வருஷம் லெட்டரோடு போனேன். மேனேஜர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். "கூத்துப் பாக்க நீங்களும் வரணுங்க சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கும்வரை நான் நகரவில்லை.