செல்வி அக்கா கொடுத்த வேர்க்கடலை

யாரோ வீட்டைக் காலி செய்தபோது கூண்டோடு விட்டுப்போன இரண்டு வெள்ளை எலிகளை, வளர்க்க ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி என் தோழி கொடுத்தாள். எங்கள் ஊர் கச்சிராயபாளையம். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கரும்பு போடுகிறவர். "எலிக்கு நாங்க மருந்து வெக்கிறோம், நீ இன்னான்னா சோறு வெக்கிற?" என்றார். அப்படிச் சொன்னவர் மறுநாளிலிருந்து எலிகளுக்கு வேர்க்கடலை கொண்டுவர ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், இரண்டுக்கும் கண்ணிலும் மூக்கிலும் ரத்தம்! மிச்சமிருந்த கடலையோடு அக்கா வாசலில் போய் நின்றேன்.

"இதுல இன்னா கலந்தீங்க?"

அவர் அத்தனையையும் பிடுங்கித் தன் வாயில் போட்டு மென்றார்.

கால்நடை மருத்துவர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். "ரத்தம் இல்லீங்க. மூச்சுக்குக் கஷ்டப்பட்டா எலிக்கு இப்படிச் செவப்பா நீர் வரும். வூட்ல எதனா புகை போட்டீங்களா?"

போட்டிருந்தேன். செல்வி அக்கா கண் பட்டுவிடக் கூடாதென்று, கூண்டைச் சுற்றிச் சுற்றிச் சாம்பிராணி காட்டியிருந்தேன்.

நல்லவேளையாக இரண்டும் பிழைத்துக்கொண்டன. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையானால் கூண்டை அக்கா வீட்டில் விட்டுவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். திரும்ப வாங்கப் போனால், முதலில் என் புடவையை முகர்ந்து பார்க்கிறார்.